மெழுகு தேய்த்த கார்டுகள்

ஜனவரி 9, தபால் கார்டு

வாயாடிக்கு,

அண்ணன் சொந்தக் கையால் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம், என் காது ஒன்றைத் தவிர. உன் முழங்கால் வலி தேவலையா?

முதல் வரியை மறுபடி படித்துப் பார். சொந்தக் கையால் என்று போட்டிருக்கிறேன். இத்தனை வருடம் எனக்காக எழுதித் தந்த கடைக்காரர் எழுதவில்லை. அவர் பக்கத்தில்கூட இல்லை. ஐம்பத்தொன்பது வயதில் உன் அண்ணனுக்கு எழுத்து வந்துவிட்டது. இந்த ஒரு கார்டுக்கு மூன்று நாள் ஆனது.

நகரசபையில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இனி எந்த மனிதனும் சாக்கடைக் குழிக்குள் இறங்கக் கூடாது. உறிஞ்சு வண்டியின் குழாய்தான் இறங்கும். அந்த வண்டிக்கு மேஸ்திரியாக வெளியாளைப் போடக் கூடாது, இதுவரை இறங்கியவர்களைத்தான் போட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மேஸ்திரி என்றால் பதிவேடு எழுத வேண்டுமே. அதற்காக வேலை நேரத்திலேயே தினம் இரண்டு மணி நேரம் வகுப்பு. சம்பளம் பிடிப்பதில்லை.

உன் அண்ணி சொல்கிறாள்: "எழுத்து வந்தாலும் வந்துச்சு, உப்பு டப்பா மேல உப்புன்னு எழுதி ஒட்டியிருக்கார். இத்தனை வருஷமா நான் என்ன சர்க்கரையையா அள்ளிப் போட்டேன்?"

போனில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. இனி இப்படியே பேசுவோம். இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வருடம் குழியில் இறங்கி, இப்போது மேலே நின்று எழுதும் உன் அண்ணன்,
உறிஞ்சு வண்டி மேஸ்திரி, சாக்கடைப் பிரிவு, நகரசபை.


ஜனவரி 24, ஒட்டிய கவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கார்டு கிடைத்தது. ஆஸ்பத்திரி சமையல்கூடத்துக்கு வரும் தபாலை எல்லாம் எங்கள் ஸ்டோர்காரர்தான் வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். அன்று அடுப்பு வேலை முடிந்ததும் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று இரண்டு தரம் படித்தேன். கண் கலங்கிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த தடவை கவரில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். இங்கே மழை. கார்டு நனைந்து எழுத்து கலைந்துவிடுகிறது. மூன்று நாள் உழைப்பு பாழாகலாமா? அனுப்புகிறவர் முகவரியையும் அவ்வளவு நீளமாக எழுத வேண்டாம். வீட்டு எண் போதும்.

தங்கை.


பிப்ரவரி 11, தபால் கார்டு

வாயாடிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை நானே படித்தேன். எட்டே வரி. உனக்கு வாயாடி என்று பேர் வைத்தவர் இதைப் பார்த்தால் பேரைத் திரும்பக் கேட்பார்.

நீ சொன்னபடி கவர் வாங்கினேன். எனக்குப் பிடிக்கவில்லை. எழுதியதை மடித்து உள்ளே தள்ளி வாயை ஒட்டிவிட்டால், எழுதினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. கார்டு என்றால் பெட்டியில் போடும்வரை பார்த்துக்கொண்டே நடக்கலாம். கவலைப்படாதே, மழைக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். எழுதிய பக்கம் முழுக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்திருக்கிறேன். முதலில் வேறொரு கார்டில் தேய்த்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், ஒரு எழுத்து அசையவில்லை. முகவரிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். "அங்கேயும் தேய்ச்சா முத்திரை எங்க ஒட்டும் பெரியவரே?" என்று தபால்காரர் சத்தம் போட்டார்.

இன்று வண்டி நின்ற தெருவில் ரோடு போட தார் காய்ச்சினார்கள். உன் ஞாபகம் வந்தது. ஆறு வயதில் வெல்லப்பாகு என்று நினைத்து ஆறிவரும் தார் டின்னுக்குள் இடது கையை விட்டாயே. முழங்கைக்குக் கீழே இலை மாதிரி தழும்பு. அப்பா அப்போதுதான் குழியிலிருந்து ஏறி வந்தார். கழுவாத கையால் உன்னைத் தூக்க மனம் வரவில்லை. கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உன் வயிற்றில் தலையால் முட்டி முட்டிச் சிரிக்க வைத்தார். தழும்பு இன்னும் இருக்கிறதா?

முகவரியைச் சுருக்கச் சொன்னாய். மேஸ்திரி என்று எழுதக் கற்கவே நான்கு நாள் ஆனது. விட மனமில்லை.

உன் அண்ணன்,
உறிஞ்சு வண்டி மேஸ்திரி, சாக்கடைப் பிரிவு, நகரசபை.


மார்ச் 3, ஒட்டிய கவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

மெழுகு நன்றாக வேலை செய்கிறது. தழும்பு இருக்கிறது.

கார்டை ஸ்டோர்காரர் பருப்புக் கணக்குச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். ஏன் என்று தெரியவில்லை. அண்ணா, வேலையைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா? சாப்பாடு, தூக்கம், அண்ணி இவற்றைப் பற்றி எழுதுங்களேன்.

ஜூன் மாதம் எங்கள் சமையல்கூடத்தை ஒரு கான்ட்ராக்டரிடம் விடப் போகிறார்களாம். நிரந்தர ஆட்களை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். என்னைப் போன்ற தற்காலிக ஆட்களுக்கு அதோடு வேலை முடிந்தது. பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. ஐம்பத்து நான்கு வயதில் வேறு எங்கே போய் அடுப்பு மூட்டுவது? பார்ப்போம்.

தங்கை.


மார்ச் 20, தபால் கார்டுகள் மூன்று

வாயாடிக்கு,

எல்லோரும் நலம். இது முதல் கார்டு. மூன்றையும் வரிசையாகப் படி. நல்ல சேதி.

வகுப்பில் வாசிக்க டீச்சர் ஒரு அரசாணை கொடுத்தார். நான்கு பக்கம். முதல் நாள் பாதிப் பக்கம் தாண்டவில்லை. ஐந்தாம் நாள் மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். டீச்சர் பயந்துபோய், "என்ன மேஸ்திரி, பூச்சி கடிச்சிடுச்சா?" என்றார்.

பத்தியை அப்படியே பார்த்து எழுதுகிறேன். 'சாக்கடை, குப்பை, பிணம் சார்ந்த வேலைகளில் தலைமுறைகளாக இருத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தோர், அரசு நிறுவனங்களின் எந்தப் பிரிவிலும் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் தற்காலிகமாகப் பணியாற்றியிருப்பின், நிரந்தரப் பணியில் அமர்த்தப்படுவர்.' இருத்தப்பட்ட என்று எழுதியிருக்கிறார்கள், பார்த்தாயா? நாமாகப் போய் உட்காரவில்லை என்று யாரோ ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

இரண்டாவது கார்டு. "எந்தப் பிரிவுன்னா சமையலும் சேர்த்தியா டீச்சர்?" என்று கேட்டேன். "எந்தன்னா எல்லாந்தான்" என்றார். தங்கச்சி, இது உனக்கென்றே எழுதியது. ஏப்ரல் 30 கடைசி நாள்.

மூன்றாவது கார்டு. செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். நான் குழிக்காரர் வீட்டுப் பெண், என் அப்பாவும் அண்ணனும் சாக்கடைக் குழியில் இறங்கியவர்கள் என்று மனு எழுதிக் கொடு. அவ்வளவுதான். உங்கள் சமையல்கூடத்துப் பெரிய சமையல்காரம்மாவிடமும் சொல், சந்தோஷப்படுவார். மூன்று கார்டுக்கும் மெழுகு இரண்டு தரம் தேய்த்திருக்கிறேன்.

அண்ணன் மேஸ்திரி.


ஏப்ரல் 8, தபால் கார்டு

வாயாடிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை.

பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. கார்டு கிடைத்ததா? மனு கொடுத்தாயா? உன் அண்ணி தினமும் கேட்கிறாள்: "எழுதத் தெரியாத காலத்துல பதில் வந்துச்சு. எழுதக் கத்துக்கிட்டதும் நின்னுபோச்சே. அப்படி என்னத்தத்தான் எழுதுனீங்க?" நல்லதைத்தான் எழுதினேன் என்றேன். ஒரு வரி போடு.

அண்ணன்.


ஏப்ரல் 13, ஒட்டிய கவர்

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. என் சுகத்தைப் பிறகு சொல்கிறேன்.

இன்று தபால் ஆபீசுக்குப் போனேன். தபால்காரர் என் காதில் கத்தினார். "தங்கச்சி மனுப் போட்டுட்டாங்களா பெரியவரே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கார்டுதானே! நாங்க எல்லாரும் படிச்சாச்சு. மெழுகுக் கார்டு வந்தாலே ஆபீஸ்ல ஒரே குஷி. தார் டின் கதையைப் படிச்சிட்டு, முத்திரை குத்துற அம்மா அழுதே போயிட்டாங்க."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எழுதுவது என்றால் காதோடு பேசுவது என்று நினைத்திருந்தேன். யார் பேர் போட்டிருக்கிறதோ அவருக்குத்தான் அது எழுத்து. மற்றவர்களுக்கு, இத்தனை வருடம் எனக்கு இருந்த மாதிரி, வெறும் கோடு என்று நினைத்தேன். உன் கடிதங்களைக்கூட நான் கையில் கொடுத்துக் கேட்டால்தான் கடைக்காரர் படிப்பார். கொடுக்காததையும் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். மழை என்றாய். முகவரியைச் சுருக்கு என்றாய். சாப்பாடு, தூக்கம் பற்றி எழுது என்றாய். நான் வரியைப் படித்தேன் அம்மா, உன்னைப் படிக்கவில்லை.

நீ அங்கே நம்மைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியாது. எதுவாக இருந்தாலும் அதுவே இருக்கட்டும். யாராவது கார்டைக் காட்டிக் கேட்டால், யாரோ ஒரு பைத்தியக்காரக் கிழவன் முகவரி தெரியாமல் எழுதுகிறான் என்று சொல்லிவிடு. எனக்கு வருத்தமே இல்லை. உன் சோறு கெடாமல் இருந்தால் போதும். மனுவும் வேண்டாம். இனி நீ எழுதினால் மட்டும் எழுதுவேன்.

கவரை மூன்று இடத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

அண்ணன்.


ஏப்ரல் 18, ஒட்டிய கவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். கவர் கிடைத்தது.

உங்கள் வேலை அட்டையின் நகல் ஒன்று உடனே அனுப்புங்கள். பேர், பிரிவு, அப்பாவின் பேர் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். இப்போது ஒன்றும் கேட்காதீர்கள்.

தங்கை.


ஏப்ரல் 21, ஒட்டிய கவர்

தங்கச்சிக்கு,

சுகம். நகல் உள்ளே இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எழுதுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

அண்ணன்.


மே 19, தபால் கார்டுகள் ஏழு

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வாயாடி எழுதுவது. முழங்காலில் வலி இருக்கிறது, மனதில் இல்லை. ஆமாம், கார்டுதான் வாங்கினேன். ஏழு கார்டு.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். தோட்ட வேலை என்றேன். குழிக்காரர் வீட்டுப் பெண் கிண்டிய கஞ்சியை எந்த நோயாளி குடிப்பான் என்று பயம். பதினெட்டு வருடமாக அப்பாவைத் தோட்டக்காரராகவே வைத்திருந்தேன். அப்போதுதான் உங்கள் கார்டுகள் வர ஆரம்பித்தன. என் அறையில் இன்னொருத்தியும் இருக்கிறாள். அதனால் எல்லாவற்றையும் சமையல்கூடத்தில் பாய்லருக்குப் பின்னால் செருகி வைத்தேன். அந்த மூன்று கார்டு வந்த அன்று உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அண்ணி சண்டைக்கு வருவார்கள்.

பிறகு கவர் வந்தது. பைத்தியக்காரக் கிழவன் என்று சொல்லிவிடு என்று எழுதியிருந்தீர்கள். அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் அண்ணா. வாய் வரவில்லை. அப்பாவை மாற்றியது போதும், அண்ணனையும் மாற்ற வேண்டுமா என்று தோன்றியது.

மனுவோடு குழிக்காரர் குடும்பம் என்ற சான்றும் வேண்டுமாம், அதற்காகச் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனேன். பிறப்புச் சான்று இல்லை, பள்ளிக்கூடம் போகவில்லை. உங்கள் அட்டை நகலைக் கொடுத்தேன். அதிகாரி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இவரு குழிக்காரர், சரி. நீங்க இவரு தங்கச்சின்னு எப்படிம்மா நம்புறது? ஆணை வந்ததுலேருந்து தினம் பத்துப் பேர் குழிக்காரர் வீடுன்னு வந்து நிக்கிறாங்க. உறவுக்கு ஏதாவது பழைய ஆதாரம் இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருடம் இல்லை என்று மறைத்தேன், எல்லோரும் நம்பினார்கள். ஒரே ஒரு நாள் ஆமாம் என்று சொன்னேன், நம்ப ஆளில்லை.

திரும்பி ஓடிவந்து பாய்லருக்குப் பின்னால் கையை விட்டேன். நீராவியில் முதல் கார்டு வெறும் அட்டையாகிவிட்டது. ஒரு எழுத்தும் இல்லை. மெழுகுக் கார்டுகள் எல்லாம் நேற்று எழுதியது போல இருந்தன. தலையைத் தூக்கினால் ஸ்டோர்காரர் நிற்கிறார்.

"முதல் கார்டைப் படிச்சுட்டேம்மா. தப்புத்தான். அதுக்கப்புறம் வந்ததை யார் கண்ணுலயும் படாம சீட்டுக்கு நடுவுல வச்சுத்தானே குடுத்தேன்?" என்றார். பிறகு மெதுவாக, "அதையும் படிச்சிட்டுத்தான் வச்சேன்" என்றார். மூன்று மாதமாக அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார் என்று நினைத்து, நான் அவருக்கு ஆறிய டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கார்டுகளை வாங்கினார். ஒன்றின் மேல் முத்திரை குத்தப் பார்த்தார். மை ஒட்டவில்லை. "என்னம்மா இது, வழுக்குது?" மழைக்காக அண்ணன் மெழுகு தேய்த்தார் என்றேன். படிக்க ஆரம்பித்தார். உப்பு டப்பா கதை கலைந்துபோன கார்டில் இருந்ததால் அதை வாயால் சொன்னேன். தார் டின் வந்ததும் நிறுத்தினார். கார்டைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார். பிப்ரவரி. அப்போது ஆணையே வரவில்லை.

"இடது கையைக் காட்டுங்க."

காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அண்ணன் எப்பவும் இப்படித்தான் எழுதுவாரா?"

"இப்பத்தாங்க எழுதவே ஆரம்பிச்சிருக்கார்."

சான்றிதழில் முத்திரை நன்றாக ஒட்டியது. ஏப்ரல் 29 அன்று மனுவும் கொடுத்தேன்.

நிரந்தரமாகிறவர்கள் பட்டியலை ஒட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு முன் நானே சொல்ல நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று, "எங்க அப்பா தோட்டக்காரர் இல்ல. சாக்கடைக் குழியில இறங்கினவர்" என்றேன். பெரிய சமையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதைச் சொல்லவா அடுப்பை விட்டுட்டு வந்து நிக்கிறே? அங்க அண்டா பொங்குது பாரு" என்றார். ஓடிப்போய் இறக்கினேன். இரண்டாம் அடுப்புக்காரி மட்டும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். இன்னும் அங்கேதான் உட்காருகிறாள். இருக்கட்டும்.

மறுநாள் காலை எப்போதும் போல மூன்று அண்டா கஞ்சி ஆறு வார்டுக்கும் போனது. அதற்குள் சேதி வார்டு வரைக்கும் போயிருந்தது. தள்ளுவண்டி திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். வந்ததும் ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன். மூன்றும் காலி அண்ணா. அடியில் கரண்டி சுரண்டிய தடம்கூட இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

16ஆம் தேதி பட்டியல் வந்தது. நாலாவது பேர் என்னுடையது. ஜூனிலிருந்து குழந்தைகள் ஆஸ்பத்திரிச் சமையல்கூடம். ஓய்வு வயது வரை யாரும் அனுப்ப முடியாது.

ஏழாவது கார்டும் முடிகிறது. ஓரத்தில் கொஞ்சம் இடம் வேண்டும் என்று ஸ்டோர்காரர் கேட்கிறார்.

குழிக்காரர் வீட்டுப் பெண்,
மேஸ்திரியின் தங்கை,
நிரந்தரச் சமையல்காரி, அரசு ஆஸ்பத்திரி.

(ஓரத்தில் வேறு கையெழுத்தில்) பெரியவருக்கு வணக்கம். ஏப்ரல் எட்டுக்குப் பிறகு கார்டு வரவில்லை. வண்டியின் குழாய் அடைத்துக்கொள்ளுமா? அடைத்தால் எப்படி எடுப்பீர்கள்? விவரமாக எழுதவும். ஸ்டோர்.


மே 27, தபால் கார்டு

வாயாடிக்கு,

இப்போது என் சுகத்தைச் சொல்கிறேன். ரொம்ப ரொம்பச் சுகம்.

ஏழு கார்டும் வந்த அன்று நான் மூடி திறந்து வண்டிக் குழாயை இறக்கிக்கொண்டிருந்தேன். தபால்காரர் தெருக்கோடியிலிருந்தே சைக்கிளில் கத்திக்கொண்டு வந்தார். "பெரியவரே, தங்கச்சி பாஸ்! அண்டா மூணும் காலி!" எனக்குக் கேட்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் கேட்டது. ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி அழுதுகொண்டிருந்தாள். "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். "ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. போய்ப் படிங்க" என்றாள்.

அப்பா தோட்டக்காரராக இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் கையில் ஒரு செடிகூடப் பிழைத்ததில்லை. பதினெட்டு வருடம் அந்த வேலையில் நீடித்ததே பெரிது.

ஸ்டோர்காரருக்குத் தனிக் கார்டு எழுதுகிறேன். குழாய் அடைத்தால் எடுப்பது பெரிய கதை. அவருக்கு இனிமேல் சூடான டீ கொடு.

முடிவை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் நான் முதல் கார்டின் முதல் எழுத்திலிருந்து விரல் வைத்துப் படித்தேன். நீ அலுவலகத்துக்குப் போன இடத்தில் பயந்தேன். அண்டாவின் மூடியைத் திறக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு திறந்து படித்தேன். காலி என்றுதான் எழுதியிருந்தது.

அண்ணன்,
உறிஞ்சு வண்டி மேஸ்திரி, சாக்கடைப் பிரிவு, நகரசபை.